நகராத புள்ளி

கொச்சிக்கடை,
ஞாயிறு.

அன்பின் ரெஜிக்கு,

கடலில் நீங்கள் சுகமாயிருக்க அந்தோனியாரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இதைக் கம்பனி ஒபிசில் கொடுத்தால் கப்பலுக்கு அனுப்புவார்களாம். மகள் ஜெரூஷா நன்றாயிருக்கிறாள். பக்கத்து வீட்டு நளீபா அக்காவிடம் சாப்பிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். நான் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். பயப்படாமல் முழுவதும் வாசியுங்கள்.

எனக்கு இரத்தம் குறைந்துகொண்டே போனது உங்களுக்குத் தெரியும். எங்கே கசிகிறதென்று எந்த ஸ்கேனிலும் பிடிபடவில்லை. டொக்டர் ஷாமிலா ஒரு பெரிய குளிசையை விழுங்கத் தந்தார். அதற்குள் கமராவும் சிறிய ரேடியோவும் உண்டாம். வயிற்றில் ஒட்டிய பட்டிகள் அந்தச் சிக்னலைப் பிடித்து, குளிசை போகும் இடத்தைத் திரையில் ஒரு புள்ளியாகக் காட்டின. "ஒன்ட வகுத்துக்குள்ள இப்ப ரேடியோ ஓடுது, புள்ள" என்று நளீபா அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன்.

பகலெல்லாம் புள்ளி நகர்ந்தது. பிறகு வலது பக்கம், தொப்புளுக்குக் கீழே நின்றுவிட்டது. நடக்கச் சொன்னார்கள், நடந்தேன். இரவாகியும் அதே இடம். சிக்னல் மங்கத் தொடங்கியபோது டொக்டர் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். "குடல் அந்த இடத்தில ஒடுங்கியிருக்கு, யூஜினா. பெட்டரி முடியிறதுக்கு முதல் இடத்தைக் குறிச்சிட்டம். விட்டா அடைச்சிடும், இனிப் பொறுக்கேலாது" என்றார். உங்கள் கப்பலுக்கு எடுத்த அழைப்பு கிடைக்கவேயில்லை. ஒப்பரேஷனுக்கு நானே கையொப்பம் வைத்தேன்.

மயக்கம் தெளிந்ததும் முதலில் குளிசையைத்தான் கேட்டேன். எடுத்துவிட்டார்கள். அது நின்ற இடத்தில் ஒரு கட்டி இருந்ததாம், கசிந்ததும் அங்கிருந்துதான். கட்டியை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இப்போது கஞ்சி குடிக்கிறேன். காயம் ஆறுகிறது.

முடிவு வெள்ளிக்கிழமை வரும். என்னவாயிருக்கும் என்று டொக்டரிடம் கேட்டேன். "ஹஸ்பண்ட் எப்ப வருவார்?" என்றார். ஒப்பந்தம் முடிய இன்னும் நாளிருக்கிறது என்றேன். "முதலே வரேலுமா எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்க" என்றார்.

உங்கள் வேலைக்கு இடைஞ்சல் வரக்கூடாது. ஆனாலும் அடுத்த துறைமுகம் எதுவென்று எழுதுங்கள். அங்கே இறங்க விடுவார்களா என்று கப்டனிடம் கேளுங்கள். ஆண்டவர் உங்களை எங்களிடம் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்,
யூஜினா