அறுபதுக்கு மேல்

பிப்ரவரி 3

ஏரிக்கரையில் இரண்டாவது இரவு. வண்டிக்குள் அப்பாவும் மகளும் குறுக்கும் நெடுக்குமாகத் தூங்குகிறார்கள். எனக்குத்தான் கால் நீட்ட இடமில்லை. முன் சீட்டில் சாய்ந்து எழுதுகிறேன்.

சிட்டுவுக்கு மூச்சு பரவாயில்லை. சாயங்காலம் ஒரு தடவை நெபுலைசர் வைத்தேன், மருந்தைப் புகையாக்கி மூச்சில் கொடுக்கிற மிஷின். முகமூடியை மாட்டியதும் "நான் மேகம் குடிக்கிறேன்" என்றாள். இரண்டரை வயது. இழுப்பு வந்தால் விலா ஒட்டி ஒட்டிப் போவதைப் பார்க்கிற எனக்குத்தான் உயிர் போய் வரும். அவள் பாட்டுக்கு மேகம் குடிப்பாள். என் வீட்டுக்காரர் அதையும் படம் பிடித்தார். "புள்ளைய எடுக்காதீங்க" என்றேன். "உன் கையையும் மிஷினையும்தான் எடுக்கிறேன்" என்றார்.

வண்டிப் பயணத்தை வீடியோவாகப் போடுவதுதான் இப்போது அவர் வேலை. இந்தத் தடவை கதாநாயகன் நாங்கள் இல்லை, ஒரு பெட்டி. சின்ன சூட்கேஸ் அளவு, தூக்கினால் இடுப்பு பிடிக்கும். உள்ளே பேட்டரி, பக்கவாட்டில் வீட்டில் இருப்பது போலவே பிளக் ஓட்டைகள். கூடவே மடக்கி விரிக்கிற சோலார் தகடு. கம்பெனி சும்மா கொடுத்தது. பதிலுக்கு ஒரு வாரம் வெயிலை மட்டும் நம்பி வண்டியில் குடும்பம் நடத்திக் காட்ட வேண்டும்.

நான் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. சாயங்காலம் பெட்டியின் திரையில் சார்ஜ் சதவீதம் அறுபதுக்கு மேல் இருந்தால் அங்கேயே தங்கலாம். கீழே இறங்கிவிட்டால் பிளக் இருக்கிற ஊருக்கு வண்டியைத் திருப்ப வேண்டும். குட்டி ஃப்ரிட்ஜ் ராத்திரி எவ்வளவு குடிக்கும், லேப்டாப் எவ்வளவு, சிட்டுவுக்கு மூன்று தடவை மிஷின் வைக்க நேர்ந்தால் எவ்வளவு என்று கூட்டிக் கழித்துச் சொன்ன எண் அது. இயற்பியல் படித்ததற்கு இதாவது உதவட்டும். "உத்தரவு மேடம்" என்று சல்யூட் அடித்தார்.

இன்று எழுபத்தெட்டு.

பிப்ரவரி 4

காலையில் எங்களை மரத்தடியில் பாய் போட்டு உட்கார வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "இங்க முழுக்க நிழல். தகட்டு மேல ஒரு கிளை விழுந்தாக்கூட பாதி கரன்ட் போச்சு. மேட்டுல கொண்டு போய் காய வச்சுட்டு வரேன்."

"வத்தலா போடப் போறீங்க?"

"அப்படித்தான் வச்சுக்கோயேன்."

திரும்பி வந்தபோது பெட்டி கைவைக்க முடியாத சூடு. உள்ளே விசிறி உறுமிக்கொண்டிருந்தது. வெயிலில் கிடந்ததில்லையா. எழுபத்தாறு. தங்கலாம்.

பிப்ரவரி 5

நாள் முழுக்க மூட்டம். இன்றும் வண்டியை மேட்டுக்குக் கொண்டு போய் வந்தார். ஆனாலும் எண்பத்து மூன்று! நல்ல பெட்டிதான், நான்தான் சும்மா பயப்படுகிறேன்.

பிப்ரவரி 6

அக்கா போன் செய்தாள். நாளை மலைக்கு மேலே போகிறோம், அங்கே ஊரும் இல்லை கடையும் இல்லை என்றதும் பிடித்துக்கொண்டாள். "இழுப்பு இருக்கிற புள்ளைய வச்சுக்கிட்டு காட்டுக்குள்ள என்னடீ வேலை? அவர் உன்னைக் கட்டிக்கிட்டாரா, அந்தப் பெட்டியைக் கட்டிக்கிட்டாரா?"

"மேகமா இருந்த அன்னைக்கே எண்பத்து மூணு ஏறிச்சுக்கா. நானே கண்ணால பார்த்தேன்."

"பார்த்தியா? அப்ப சரி" என்று வைத்துவிட்டாள். என் வார்த்தையை அவள் நம்பினாள்.

பிப்ரவரி 7

மலை. பனி. தகட்டை வண்டி மேல் விரித்து, வெளிச்சம் போகிற பக்கமெல்லாம் நானே திருப்பித் திருப்பி வைத்தேன். சாயங்காலம் நாற்பத்தொன்று.

"திருப்புங்க" என்றேன்.

"இந்தப் பனியில எப்படி இறங்கறது? நாளைக்குக் கொஞ்சம் வெளிச்சம் வந்தாப் போதும். நாலு நாளா நீதானே பார்த்த, மேகத்திலேயே எப்படி ஏறிச்சுன்னு?"

பார்த்தேன். அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன். ஃப்ரிட்ஜை மட்டும் பிடுங்கிவிட்டேன். ராத்திரிக்குள் இரண்டு தடவை மிஷின் வைக்க வேண்டியதாயிற்று. ஏன் ஏறவில்லை? தகடு கெட்டுவிட்டதா? நான் சரியாக வைக்கவில்லையா?

பிப்ரவரி 8

மருத்துவமனை பெஞ்சில்.

காலையில் பெட்டியில் நான்கு. ராத்திரி நான் அசந்தபோது லேப்டாப்பைச் சொருகி வீடியோ வெட்டியிருக்கிறார். மழை. மத்தியானம் சிட்டுவுக்கு இழுப்பு முற்றியது. மிஷினைப் போட்டேன், ஒரு நிமிஷம் ஓடியிருக்கும், நின்றுவிட்டது. முகமூடிக்குள் மேகம் இல்லை. குழந்தை முகமூடியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள்— "அம்மா, வல்ல" என்கிறாள். வரலைடா, வரலை. நான் என்ன செய்வேன்?

மலையிலிருந்து இறங்கிய பாதை முழுக்க அவளை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே வந்தேன். உதடு வேறு நிறமாகிக்கொண்டிருந்தது.

ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். டாக்டரம்மா கேட்டார்: "கரன்ட் இல்லாத இடத்துக்குப் போறவங்க கையில இன்ஹேலர் பம்ப் வச்சிருக்க வேண்டாமாம்மா? முகமூடி வச்சு அமுக்கினா போதுமே." எடுத்து வைத்திருந்தேன். மிஷின்தான் இருக்கிறதே, கண்டதையும் அடைக்காதே என்று அவர்தான் வெளியே எடுத்து வைத்தார். டாக்டரம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. யாரை யாரிடம் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று சொல்லாமல் இருந்தேன்?

பிப்ரவரி 9

சிட்டு தேறிவிட்டாள். தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாமலே ரொட்டி தின்கிறாள், நர்ஸை அதட்டுகிறாள்.

வீடு திரும்புகிற வழியில் ஏரிக்கரைக்கு முந்தின பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினோம். அவர் பாத்ரூம் போயிருந்தார். பெட்ரோல் போடுகிற பெண் ஜன்னல் பக்கம் குனிந்து சிரித்தாள்.

"பெட்டியைக் கொண்டு வரலையாக்கா இன்னைக்கு?"

"எந்தப் பெட்டி?"

"சார் தினமும் கொண்டு வந்து ஆபீஸ் ரூம்ல சொருகுவாரே, அதுதான். அது போடுற சத்தத்துக்கு எங்க மேனேஜர் வெளியில சேர் போட்டு உட்காருவார். ஒன்றரை மணி நேரம் விடாம உறுமும்."

நான் சிரித்தேன். சிரித்தேன்! "ஆமாம்மா, சத்தம் ஜாஸ்திதான்" என்றேன். அவள் போனபிறகுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. சூடு. விசிறி. மூட்டத்தில் எண்பத்து மூன்று. வெயிலில் மெதுவாக ஏறுகிற பெட்டிக்கு விசிறி ஏன் அலற வேண்டும்? சுவரிலிருந்து குடித்தால்தான் அப்படி உறுமும். இது தெரியாதவளா நான்? தெரிந்தவள்தான். பார்க்கத் தோன்றவில்லை, அவர் கொண்டு வந்து வைத்த பெட்டி என்பதால்.

பிப்ரவரி 10

கேட்டுவிட்டேன். வீட்டுச் சமையலறையில், அவர் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தபோது.

"பங்க்ல சார்ஜ் போட்டீங்களா?"

"அதுக்கென்ன இப்ப? புள்ளை நல்லாயிட்டாள்ல."

"போட்டீங்களா?"

"கொஞ்சம் போட்டேன். எல்லாரும் பண்றதுதான். பார்க்கிறவங்களுக்கு என்ன நஷ்டம்?"

"அவங்களை விடுங்க. என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "சொன்னா நீ வண்டியைத் திருப்பச் சொல்லியிருப்ப."

அவ்வளவுதான். எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அவர் உலகத்தை ஏமாற்றப் போய் நான் நடுவில் மாட்டிக்கொண்டேன் என்பதில்லை. அறுபது என்று நான் சொன்னதால்தான் தினமும் அறுபதுக்கு மேல் ஏற்றிக் கொண்டு வந்திருக்கிறார். என் பயத்துக்கு நான் கட்டின வேலியை அளந்து பார்த்து, அதற்கு மேல் ஒரு சாண் வைத்துத் தாண்டியிருக்கிறார்.

"நீ மனுஷனா?" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து வராத 'நீ'. அவருக்கு அந்த 'நீ' தான் பெரிதாகத் தெரிந்தது. "மரியாதையாப் பேசு" என்றார்.

பிப்ரவரி 12

அக்கா வீடு. கதவைத் திறந்தவள் ஒன்றும் கேட்கவில்லை. சிட்டுவை வாங்கிக்கொண்டாள். டாக்டரம்மா சொன்ன பம்ப் கையோடு இருக்கிறது, மிஷின் வண்டியிலேயே தங்கிவிட்டது. அத்தான்தான், "எத்தனை நாள் லீவு?" என்று கேட்டு அவளிடம் ஒரு முறைப்பை வாங்கிக்கொண்டார்.

பிப்ரவரி 18

தூக்கத்தில் சிட்டுவின் விலாவில் கை வைத்துப் பார்க்கிறேன். ஏறி இறங்குகிறது. மறுபடி வைத்துப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 21

வீடியோ வந்துவிட்டது. "வெயில் ஒன்றே போதும்."

ஏரி. பாய். என் கை. முகமூடிக்குள் சிட்டுவின் முகம், முழு முகம். "மேகம் குடிக்கிறேன்" என்கிறாள். அதன் மேல் அவர் குரல்: "ஆள் அரவமே இல்லாத மலைக்காட்டில், கொட்டும் மழையில், எங்கள் மகளின் மூச்சைக் காப்பாற்றியது இந்தப் பெட்டி."

ஏரிக்கரையில் நல்ல வெயிலில் எடுத்தது அது. மலையில் எடுத்த எதுவும் அதில் இல்லை. அக்கா பின்னால் நின்று பார்த்தாள். "இவ்வளவு அழகாப் பொய் சொல்லத் தெரியும்னா அரசியலுக்குப் போயிருக்கலாம்" என்றாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

பிப்ரவரி 22

வீடியோவுக்குக் கீழே ஒரு பெண் எழுதியிருக்கிறாள். "அண்ணா, என் பையனுக்கும் இழுப்பு. பயந்துக்கிட்டு எங்கேயும் போனதே இல்லை. உங்க பாப்பாவைப் பார்த்ததும் தைரியம் வந்துருச்சு. பெட்டி வாங்கிட்டோம். அடுத்த வாரம் நாங்களும் மலைக்குக் கிளம்பறோம்."

அதற்கு அவர் இரண்டு கும்பிடும் ஒரு இதயமும் போட்டிருக்கிறார். மருத்துவமனையில் என் பக்கத்தில் நின்றவர்தானே? அந்த உதட்டைப் பார்த்தவர்தானே?

அவளுக்குக் கீழேயே எழுதினேன். "அந்தக் கை என்னுடையது. பெட்டியை ஏற்றியது பெட்ரோல் பங்க்கின் பிளக், வெயில் இல்லை. மலையில் மழைநாளில் அது நின்றுபோனது. குழந்தையை ஆக்ஸிஜனில் வைத்தோம். தயவுசெய்து பிளக் உள்ள இடத்தில் தங்குங்கள். டாக்டரைக் கேட்டு, முகமூடி வைத்த பம்ப் கையில் வைத்துக்கொள்ளுங்கள்."

பிப்ரவரி 23

நான் எழுதியதைக் காணவில்லை. அழித்திருக்கிறார். மறுபடி எழுதினேன். அதையும் அழித்தார். அந்தப் பெண்ணின் பக்கத்தைத் தேடிப் பிடித்து அவளுக்கே நேராக அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 25

பதில் வந்தது. "பயணத்தை நிறுத்திட்டோம்க்கா. வீட்டுக்காரருக்குக் கோபம். இருக்கட்டும். பாப்பா இப்ப எப்படி இருக்கு?"

பிறகு அவர் போன். அடுத்த பெட்டி வந்து இறங்கியிருக்கிறதாம், இதைவிடப் பெரிது. "சரி, நடந்தது நடந்துபோச்சு. ஞாயித்துக்கிழமை வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன். ரெடியா இருங்க."

"வாங்க" என்றேன். "வண்டியில சிட்டுவோட துணிப்பை இருக்கு. நெபுலைசரும் சீட்டுக்கு அடியில இருக்கும். ரெண்டையும் மறக்காம எடுத்துட்டு வந்து அக்காகிட்ட குடுத்துட்டுப் போங்க."