யார் பொறுப்பு

அன்பு மகளுக்கு,

வீட்டுக்கு வந்த சுகாதார நர்ஸை நான் விரட்டிவிட்டதாக உன் அண்ணன் சொல்வது பொய். இரண்டு முறை கை கழுவச் சொன்னேன், அவ்வளவுதான்.

ரத்த அழுத்தம் பார்த்தாள், சமையலறையை எட்டிப் பார்த்தாள், பிறகு உட்கார்ந்து பராமரிப்புத் திட்டம் எழுதினாள். ஒவ்வொரு பிரச்சினைக்கும் எதிரே 'யார் பொறுப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. மாத்திரை, நடைப்பயிற்சி, குளியலறைக் கைப்பிடி எல்லாவற்றுக்கும் 'நானே' என்று எழுத வைத்தேன்.

கடைசிப் பிரச்சினை, பேச ஆளில்லாமல் நான் சரியாகச் சாப்பிடுவதில்லையாம்.

"இதுக்கும் நீங்களேதானாம்மா?" என்று சிரித்தாள்.

"வாய் நீளம் உனக்கு! பென்சில்ல 'மகள்'னு போடு" என்றேன்.

நாலு மாதமாக நீ போன் செய்யாததை அவளிடம் நான் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் பேசினால் போதுமாம்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை திட்டத்தைச் சரிபார்க்க வருகிறாள். அந்தக் கட்டத்தைப் பேனாவால் எழுதலாமா என்று அதற்குள் எனக்குக் கடிதம் போடு.

உன் அம்மா