துணிக்கு ஒரு வழி, தண்ணீருக்கு ஒரு வழி

என் வீட்டு இஞ்சினியரம்மாவுக்கு,

கோபப்படாதே. "எப்பா, நான் இஞ்சினியர் இல்ல, ஆர்க்கிடெக்ட்" என்று நீ எத்தனை முறை திருத்தினாலும் என் வாயில் வருவது இதுதான். நீ இருந்தபோதே திருந்தாதவன், இப்போதா திருந்தப் போகிறேன்?

உன் கல்லூரி மலரில் உன் நினைவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களாம். உன் தோழி ஜெனி வீட்டுக்கு வந்து, "அங்கிள், அவளப் பத்தி நீங்கதான் எழுதணும்" என்றாள். நான் டவுனில் ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவன். சேலையைப் பற்றிப் பேசச் சொன்னால் பொழுதுக்கும் பேசுவேன். உன்னைப் பற்றி என்னத்தை எழுத? செத்துப்போனவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எல்லாரும் தங்கக்கட்டியாகிவிடுகிறார்கள். நீ அப்படியொன்றும் தங்கக்கட்டி இல்லை. ஈரத்துண்டைக் கட்டில் மேல் போட்டுவிட்டுப் போகிற பிள்ளை. அதனால் உன்னைப் பற்றி எழுதாமல், உனக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா நன்றாக இருக்கிறாள் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். சாப்பிடுகிறாள், டி.வி. பார்க்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். அவ்வளவுதான். எனக்கும் அவளுக்கும் நடுவில் உன் துணிப்பை ஒன்று ஒரு வருஷமாகப் பீரோ மேல் உட்கார்ந்திருந்தது.

நீ ஆஸ்பத்திரிக்குப் போனபோது உடுத்தியிருந்த சுடிதாரும், அங்கே மாற்றிக்கொண்ட துணிகளும் அதற்குள் இருந்தன. உன் பதினாறாம் நாள் முடிந்ததும் அம்மா அந்தப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இறந்தவர் உடுத்திய துணியைத் தாமிரபரணியில் விட்டுவிட்டால் அவர்கள் நிம்மதியாகப் போய்ச் சேருவார்கள் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. நான் வாசலை மறித்துக்கொண்டேன்.

"அவ என்ன சொல்லிக்கிட்டுக் கெடந்தா? அவ துணியவே கொண்டு ஆத்துல போடப் போறியா?" என்றேன்.

"அவ சொன்னது உசிரோட இருக்கும்போது. இப்ப அவ நிம்மதியாப் போக வேண்டாமா? பெத்தவ நான் இதுகூடச் செய்யாம இருந்தா எப்படிங்க?"

அவள் கேட்டதில் என்ன தப்பு? நான் சொன்னதில்தான் என்ன தப்பு? பை பீரோ மேல் ஏறியது. அது கீழே இறங்காதவரை அம்மாவும் தேறப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் எங்கே கொண்டுபோய் இறக்குவது?

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நீ இரண்டாம் வருஷம் படித்தபோது நாம் மூன்று பேரும் பாபநாசத்துக்குக் குளிக்கப் போனோம். நீ ஆசையாகத் தண்ணீரில் இறங்கினாய். இறங்கின வேகத்தில் தடுமாறி என் கையைப் பிடித்தாய். காலைத் தூக்கினால் கணுக்காலைச் சுற்றி யாருடைய வேட்டியோ. இன்னொரு அடி வைத்தாய், ஒரு சேலை. "எப்பா, கீழ மணலே இல்லப்பா. எல்லாம் துணியா இருக்கு" என்றாய். அந்தச் சேலையின் பார்டரை எனக்குத் தெரியும். எங்கள் கடைச் சரக்கு. நானே யாருக்காவது விரித்துக் காட்டி விற்றதாகக்கூட இருக்கும். அன்று நீ குளிக்கவில்லை. படியில் உட்கார்ந்து, துணியை விட்டுவிட்டுப் போகிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

பஸ்ஸில் வரும்போது நான் அவர்களைத் திட்டினேன். அறிவில்லையா, ஆற்றை நாசம் பண்ணுகிறார்களே என்று. நீ என்னைத்தான் கோபித்துக்கொண்டாய். "அவங்கள ஏம்ப்பா ஏசுதிய? செத்தவங்க துணியக் கையில வச்சிக்கிட்டு அவங்க வேற எங்க போவாங்க? அவங்களுக்கு நாம ஒரு எடம் கட்டிக் குடுத்திருக்கமா?"

கடைசி வருஷத் திட்டத்துக்கு நீ எடுத்துக்கொண்டது அந்த இடத்தைத்தான். படித்துறைக்குப் பக்கத்தில், கரையில் நிற்கிற மருத மரங்களில் ஒன்றைக்கூட வெட்டாமல், வேர் போகிற போக்குக்குக் கல்லை வளைத்து வளைத்து ஒரு படம் போட்டாய். "சுவரையே காணோமே, இது என்ன கட்டடம்?" என்று உங்கள் ஆசிரியர் ஒருவர் கேட்டாராம். நானும் அதையேதான் கேட்டேன். அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நீ உன் தட்டில் சோற்றைக் குவித்து, நடுவில் விரலால் கீறி, ரசத்தை ஊற்றினாய்.

"இது வாய்க்கால். ஆத்துல இருந்து தண்ணி இங்கன வருது. இது கல்லு. துணிய இதுல வச்சிருவாங்க. தண்ணி துணி மேல பட்டு, இந்த மணல் வழியா, கோரை வழியா, பைய ஆத்துக்கே போயிரும். துணி போகாது. பருத்தித் துணிய மரக்கன்னு வைக்கிற குழியில பொதைச்சிருவோம். மத்ததத் தனியா எடுத்திரலாம். தண்ணி ஆத்துக்கு, துணி மரத்துக்கு, மனுஷங்க வீட்டுக்கு. எல்லாருக்கும் ஒரு வழி இருக்குல்லாப்பா?"

"ஏட்டி, சோத்த வச்சு வெளையாடாத" என்றாள் அம்மா. நீ வாய்க்காலோடு சேர்த்து உருட்டி வாயில் போட்டுக்கொண்டாய்.

அப்புறம் உனக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரையில் போய்விடும் என்று நினைத்தோம். போகவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி நான் எழுத மாட்டேன். எழுதினால் இந்தக் கடிதம் முடியாது.

உன் வருஷம் திரும்பிய பிறகு வந்த ஆடி அமாவாசைக்கு ஜெனியும் உன் வகுப்புப் பிள்ளைகளும் ஒரு காரியம் செய்தார்கள். பாபநாசத்தின் கூட்டத்தில் முடியாது என்று, ஆற்றில் நம் ஊர்ப் பக்கம் ஒரு சின்னப் படித்துறையில் ஒரே ஒரு நாளைக்கு உன் படத்தைக் கட்டிப் பார்க்க அனுமதி வாங்கினார்கள். மருத மரத்தடியில் ஒரு துவைகல், அதைச் சுற்றிச் செங்கல்லும் களிமண்ணும் வைத்து ஒரு தொட்டி, கீழே மணல் பரப்பிய பள்ளம். வாய்க்கால் வெட்டப் பொழுதில்லை என்று சின்ன மோட்டார் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்தார்கள். நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். அம்மாவையும் கூப்பிட்டேன். "உங்க பிள்ளையளோட வெளையாட்டுக்கு நான் வரல" என்று சொல்லிவிட்டாள்.

காலையிலேயே கூட்டம். ஒருத்தர்கூட நம் கல் பக்கம் வரவில்லை. எப்படி வருவார்கள்? மோட்டார் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நின்றுவிட்டது. குழாயின் வாயில் துணி சுற்றிக்கொண்டது. இழுத்தால் யாருடைய சேலையோ கிழிந்து கையோடு வருகிறது. நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாயா, அழுதிருப்பாயா? தண்ணீர் இல்லாத தொட்டிக்குப் பக்கத்தில், துணியைப் பிரித்துப் போட வசதியாக இருக்கட்டும் என்று பிள்ளைகள் பச்சையும் நீலமுமாகக் குப்பைத் தொட்டிகளை வேறு இரவல் வாங்கி வைத்திருந்தார்கள்.

வேட்டியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிய ஒரு மனுஷர் அதைப் பார்த்துக் கொதித்துப்போனார். "என்ன அண்ணாச்சி, எங்க அய்யா வேட்டியக் குப்பத் தொட்டியில போடச் சொல்லுதியளா? நல்லா இருக்கு நியாயம்! தண்ணி படாம எப்படிவே விடுதது?"

ஜெனிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு என்ன தோன்றியதோ, முதல் வேலையாக அந்தக் குப்பைத் தொட்டிகளை மரத்துக்குப் பின்னால் இழுத்துத் தள்ளினேன். டீக்கடைக்காரம்மாவிடம் ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கேட்டு வாங்கி, ஆற்றில் இறங்கி மொண்டு வந்து கல் பக்கத்தில் நின்றேன். வாய்க்கால் வரவில்லை என்றால் என்ன, நான் வந்துவிட்டேன்.

மஞ்சள் பை வைத்திருந்த ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்தாள். வந்தவளைப் பார்த்ததும் என் வாயில் கடைப் பேச்சு வந்துவிட்டது. சேலை எடுக்க யார் வந்தாலும் நான் முதலில் கேட்பதுதான்.

"யாருக்கும்மா?"

சாவுத் துணியோடு வந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "எங்க வீட்டுக்காரருக்கு" என்றாள்.

"பேரு?"

"முருகன்."

அவள் ஒரு சட்டையைக் கல்லின் மேல் விரித்து, காலரைச் சரிசெய்தாள். "முருகனுக்கு" என்று சொல்லி நான் தண்ணீரை ஊற்றினேன். அது சட்டையை நனைத்து, மணலில் இறங்கி, பள்ளத்தின் அடியில் கசிந்து ஓடுவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இந்தத் தண்ணி ஆத்துக்குத்தான போகுது?"

"ஆத்துக்குத்தாம்மா போகுது."

"அப்பச் சரி" என்றாள். கும்பிட்டாள். போய்விட்டாள்.

அதை நாலு பேர் பார்த்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். யாருக்கு, பேரு என்ன, தண்ணீர். யாருக்கு, பேரு என்ன, தண்ணீர். கோபித்துக்கொண்டு போன அந்த மனுஷரும் திரும்பி வந்தார். "சுடலைமுத்து. எங்க அய்யா. நல்லாச் சத்தமாச் சொல்லும்வே, அவருக்குக் காது கேக்காது" என்றார். நான் ஆறு அதிரக் கத்தினேன். அவர் சிரித்தார், சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். ஜெனியும் பிள்ளைகளும் குடம் குடமாக மொண்டு கொடுத்தார்கள். நனைந்த துணிகளை நான் தொட்டுப் பார்த்து, இது பருத்தி, இது பாலியஸ்டர் என்று பிரித்துக் கொடுத்தேன். அப்பாவுக்குத் தெரிந்த வித்தை இதுதானே. ஆற்றில் யாரும் துணி விடவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். விட்டார்கள். ஆனால் நம் கல்லுக்கும் வந்தார்கள்.

வெயில் ஏறியபோது எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. குனிந்து கல்லைக் கழுவிக்கொண்டிருந்தேன். யாரோ முன்னால் வந்து நிற்பது தெரிந்தது.

"யாருக்கும்மா?" என்றேன், நிமிராமலே.

பையைப் பார்த்தேன். பீரோ மேல் இருந்த பை. நிமிர்ந்தால் உன் அம்மா. எப்போது வந்தாள், எவ்வளவு நேரம் மரத்துப் பக்கம் நின்று பார்த்தாள், எனக்குத் தெரியாது. படியில் இறங்கி ஆற்றுக்கே போயிருக்கலாம். யாரும் மறிக்கவில்லை. நானும் மறித்திருக்க மாட்டேன். அவள் கல்லின் முன்னால் நின்றாள்.

"எம் மவளுக்கு" என்றாள்.

துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஊதா துப்பட்டாவை மட்டும் தன் தோளில் போட்டுக்கொண்டாள். "இது எனக்கு. இத மட்டும் யாரும் கேக்காதிய" என்றாள். நான் கேட்கவில்லை.

எல்லாரிடமும் கேட்டதை அவளிடமும் கேட்க வேண்டும் அல்லவா? நீ போனதிலிருந்து நாங்கள் இருவரும் வீட்டில் உன் பேரைச் சொன்னதே கிடையாது. 'அவ' என்போம். 'பிள்ள' என்போம். சொன்னால் மற்றவர் உடைந்துவிடுவார் என்று ஆளுக்கு ஆள் பயம். ஜெனி குடத்தை என் கையில் கொடுத்துவிட்டு ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பேரு?" என்றேன்.

அம்மா என் கண்ணைப் பார்த்தாள். "கோமதி" என்றாள். "கோமதிக்கு."

நான் திருப்பிச் சொன்னேன். காற்றுதான் வந்தது.

"சத்தமாச் சொல்லுங்க" என்றாள். "எல்லாருக்கும் சொன்னியள்லா? எம் பிள்ளைக்கும் சொல்லுங்க."

சொன்னேன் மகளே. உன்னைப் பள்ளிக்கூட வாசலில் நின்று கூப்பிடுவேனே, அந்தச் சத்தத்தில் சொன்னேன். தண்ணீரை ஊற்றினேன். குடம் காலியான பிறகும் அம்மா, "இன்னும் ஊத்துங்க" என்றாள். ஊற்றினேன்.

அந்த இடத்தில் உன் வாய்க்காலை வெட்டுவார்களா, மாட்டார்களா, தெரியாது. அனுமதி கொடுத்தவர்கள் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். வெட்டுகிறவரைக்கும் ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் நான் குடத்தோடு நிற்பேன். வருகிறவர்களின் பேரைக் கேட்பேன், சத்தமாகச் சொல்வேன். அம்மாவும் மொண்டு தருகிறேன் என்கிறாள். வீட்டிலும் இனி 'அவ' இல்லை, 'பிள்ள' இல்லை. நீ எங்களுக்கு வைத்துவிட்டுப் போன பேர் ஒன்று இருக்கிறதே, தெருவில் எல்லாரும் உன் பேரோடு சேர்த்துக் கூப்பிடுவார்களே, நீ போன பிறகு கூப்பிடத் தயங்குகிறார்களே, அதைச் சொல்லியே எங்களைக் கூப்பிடச் சொல்லிவிட்டோம். கடைசி மூச்சு வரை அந்தப் பேருக்கே திரும்பிப் பார்ப்போம்.

இப்படிக்கு,
கோமதி அப்பா