சுண்ணாம்புக் கோடு

21-11-76, ஞாயிறு

இன்று ஃபாக்டரி மைதானத்தில் ஓட்டத்துக்குக் கோடு போட்டேன். வட்டம் நன்றாக விழுந்தது.

எழுதக் கற்று நாலு மாதம் ஆகிறது. ஃபாக்டரியில் பெரியவர்களுக்குச் சாயங்காலம் நடத்தும் வகுப்பில் சேர்ந்தேன். வீட்டில் என் மகள் வரலட்சுமி திருத்துகிறாள். முன்பெல்லாம் ஒரு நாள் போனால் போனதுதான். இப்போது போன நாள் இந்த நோட்டில் உட்கார்ந்திருக்கிறது. அறுபத்திரண்டு வயதில் இப்படி ஒரு வேடிக்கை எனக்குக் கிடைக்கும் என்று யார் நினைத்தார்கள்?

கோடு போடுவதை எழுதி வைக்கிறேன். மைதானத்தின் இரண்டு பக்கமும் வட்டத்துக்கு மையமாக ஒவ்வொரு கல் புதைந்திருக்கிறது. என் நூல் கயிற்றின் ஒரு நுனியைக் கல்லில் மாட்டுவேன். மறு நுனியைப் பிடித்து, இழுப்பு விடாமல் சுற்றி வந்து சுண்ணாம்பு கொட்டுவேன். அந்தப் பக்கம் ஒரு அரை வட்டம், இந்தப் பக்கம் ஒன்று, இரண்டையும் சேர்க்க நேர்க்கோடுகள். சுற்று நானூறு மீட்டர். எப்போதும் மாசி மாதத்தில் விளையாட்டு விழாவுக்குப் போடுவது. இந்த வருடம் கார்த்திகையிலேயே போடச் சொன்னார், விளையாட்டுக்கு அதிகாரியான பரந்தாமன் சார். ஓட்டக்காரப் பெண் ஒருத்திக்கு ஃபாக்டரியில் வேலை கொடுக்கப் போகிறார்கள். ஒரே ஒரு வேலை. ஒவ்வொருத்தியாக ஒரு சுற்று ஓட வேண்டும். யார் நேரம் குறைவோ அவளுக்கு. நாளைக்கு வெளியூர்ப் பெண்கள், செவ்வாய்க்கிழமை இங்கே வேலை செய்கிறவர்களின் பெண்கள்.

வரலட்சுமி செவ்வாய்க்கிழமை. மூன்று வருடமாகப் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் வெறுங்காலோடு ஓடுகிறாள். இடுப்பில் மணல் மூட்டை கட்டிக்கொண்டும் ஓடுவாள். நான் தினக்கூலி. அவளுக்கு வேலை கிடைத்தால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். ஒழுகாத கூரை.

22-11-76, திங்கள்

வானம் சாம்பல் பூசிக்கொண்டது. ஆனாலும் மழை வரவில்லை. பதினோரு பெண்கள் ஓடினார்கள்.

வேப்பம்பட்டிலிருந்து வசந்தா என்று ஒருத்தி வந்தாள். ஒல்லி. ஓடும்போது கால் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்த்தேன். அறுபத்தாறு வினாடி. மற்ற எல்லோரும் அவளுக்குப் பின்னால். வரலட்சுமி இதுவரை ஓடியதில் குறைந்தது அறுபத்தாறரை.

அந்தப் பெண் என்னிடம் வந்து இரண்டு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

“நாளைக்கு ஓடறவங்க யாராச்சும் என்னை முந்திடுவாங்களா தாத்தா?” என்று கேட்டாள்.

“ஓடினாத்தாம்மா தெரியும்” என்றேன். நாளைக்கு என் மகள் ஓடுகிறாள் என்று ஏன் சொல்லவில்லை?

23-11-76, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. கோடெல்லாம் கரைந்து போனது. ஓட்டத்தை நாளைக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

24-11-76, புதன்

எங்கிருந்து ஆரம்பிப்பது? எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு போகிறது. சந்தோஷத்தில்தான்.

காலையில் மழை விட்டது. ஓடினேன் மைதானத்துக்கு. சாமான் கொட்டகையில் தண்ணீர் நின்றிருந்தது. என் கயிறு அதில் ஒரு நாள் முழுக்க ஊறிக் கிடந்தது. எடுத்துப் பிழிந்தேன். பிடித்தால் கம்பி மாதிரி விறைப்பாக நின்றது. பழைய கயிறு, மழையில் குளித்து வாலிபமாகிவிட்டதே என்று சிரித்துக்கொண்டே சுற்றி வந்தேன். சுண்ணாம்பு ஈரத்தில் திட்டுத்திட்டாக விழுந்தாலும் கோடு தெரிந்தது.

பதினோரு மணிக்கு, கடைசியாக, வரலட்சுமி ஓடினாள். அதுவரை ஓடிய யாரும் வசந்தாவின் நேரத்தை எட்டவில்லை. சேறு அவள் முதுகு வரைக்கும் தெறித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. தூரத்தில் போனது, ஏரியைச் சுற்றி வருவதுபோல வந்தது, பிறகு என் பக்கத்திலேயே கேட்டது.

பரந்தாமன் சார் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். “அறுபத்தஞ்சரை! வேம்புலி, உன் பொண்ணுக்கு றெக்கை மொளைச்சிகீதுய்யா!”

வரலட்சுமி சேற்றோடு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். என் வெள்ளைச் சட்டையில் அவள் கை இரண்டும் பதிந்திருக்கிறது. துவைக்க வேண்டாம் என்று என் மனைவி தாயம்மாவிடம் சொன்னேன். “பைத்தியமாயா உனக்கு?” என்று கேட்டுத் துவைத்துப் போட்டுவிட்டாள்.

25-11-76, வியாழன்

புயல் மழை. பக்கத்து வீட்டு டிரான்சிஸ்டர் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஏரி ததும்பி, பூந்தமல்லி ரோட்டில் முழங்கால் தண்ணீர் ஓடுகிறதாம். எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அடுப்பு, அரிசிப் பானை, தாயம்மா எல்லோரும் கட்டில் மேல். இந்த நோட்டு அரிசிப் பானைக்குள் இருந்தது.

வரலட்சுமி வீட்டுக்குள்ளேயே முழங்கால் தூக்கிக் குதித்தாள்.

“வேலைதான் கெடைச்சிட்ச்சே, இன்னும் இன்னாடி குதிக்கிறே? தண்ணி அடுப்புல தெறிக்குது” என்றாள் தாயம்மா.

“குதிக்காம இருக்க முடியலம்மா.”

மத்தியானம் கண் அயர்ந்தேன். கனவில் நான் போட்ட கோடுகள் எல்லாம் கரைந்து, பால் மாதிரி ஏரிக்குப் போகின்றன. மீன்கள் அதன்மேல் வரிசை மாறாமல் ஓடுகின்றன. எழுந்ததும் சிரித்தேன்.

26-11-76, வெள்ளி

மழை குறைந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து ஃபாக்டரிக்குப் போனேன். கேட்டுக்குப் பக்கத்தில் பலகையில் காகிதம் ஒட்டியிருந்தது. யாரையும் படிக்கச் சொல்லவில்லை. நானே நின்று படித்தேன்.

வே. வரலட்சுமி.

முன்னால் நிற்கிற அந்த வே நான்தான். முப்பது வருடம் இந்தப் பலகையைத் தாண்டிப் போயிருக்கிறேன். இன்று நான் அதில் இருந்தேன். நாலு தடவை படித்தேன். காவல்காரர் “இன்னா அண்ணாத்தே, மனப்பாடம் பண்றியா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

27-11-76, சனி

வெயில் வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

வாசலில் துணி உலர்த்தும் கொடி கட்டியிருக்கிறது. நூல் கயிறுதான். மழையில் அது விறைத்து, ஆணியைப் பிடுங்கும் அளவுக்கு இழுத்து நின்றது. இன்று வெயில் ஏறியதும் தொங்கிவிட்டது. தாயம்மாவின் புடவை சேற்றில் புரண்டது.

“மழையில வெறப்பா நின்னுச்சு, வெயிலுபட்டதும் தொங்குது பாரு! இழுத்துக் கட்டுய்யா” என்றாள்.

கட்டப் போனேன். கை அப்படியே நின்றுவிட்டது.

மைதானத்துக்குப் போய் என் கயிற்றை எடுத்து வந்து ஏரிக்கரைமேல் நீளமாக விரித்தேன். வெள்ளிக்கிழமை நான் அதைக் கொட்டகைக்குள் உயரத்தில் கொடிபோல மாட்டி வைத்திருந்தேன்; ஓரளவு காய்ந்திருந்தது. மத்தியானம் வரை கரை வெயிலில் கிடக்கவிட்டேன். முழுக்கக் காய்ந்த பிறகு நீளத்தை அளந்து, இரண்டு நுனியிலும் முளை அடித்தேன். பிறகு குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன்.

தாயம்மா வந்து நின்று பார்த்தாள். “இன்னாய்யா, கயித்துக்குத் தல முழுக்கு நடக்குதா?”

இன்னொரு குடம் ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் முளை சாய்ந்தது. கயிறு நகர்ந்து நகர்ந்து தன்னைச் சுருக்கிக்கொண்டது. பிடுங்கி மறுபடி இழுத்து அளந்தேன். இரண்டு முழம் குறைந்திருந்தது.

கயிறு ஒரு முழம் குறைந்தால் சுற்றில் ஆறு முழத்துக்கு மேல் குறையும். அது எனக்குக் கைப்பழக்கமாகத் தெரியும். அப்படியானால் பன்னிரண்டு முழம். ஓடுகிறவளுக்கு ஒரு வினாடி.

வேப்பம்பட்டுப் பெண் திங்கட்கிழமை காய்ந்த கயிற்றில் போட்ட வட்டத்தை ஓடினாள். என் மகள் புதன்கிழமை நனைந்த கயிற்றில் போட்ட வட்டத்தை ஓடினாள். மழைக் காலத்தில் நான் ஒருநாளும் கோடு போட்டதில்லை. அதனால் தெரியவில்லை. ஆனால் கொடிக்கயிறு வருடா வருடம் விறைக்கிறதே, அதைப் பார்க்கவில்லையா நான்?

28-11-76, ஞாயிறு

காலையில் வரலட்சுமியிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“யாரு நைனா பாத்தாங்க? அந்தக் கோடே இப்ப இல்ல. மழை அடிச்சிகினு பூட்ச்சி.”

“அந்தப் பொண்ணு பெரிய வட்டம் ஓடிச்சும்மா.”

“அவ உனக்குப் பொண்ணா, நான் உனக்குப் பொண்ணா?”

அவள் எழுந்து ஏரிக்கரைப் பக்கம் போய்விட்டாள். சாப்பிட வரவில்லை.

வாயால் சொன்னால் பரந்தாமன் சார் சிரித்து, “போய் வேலையைப் பாருய்யா” என்று அனுப்பிவிடுவார். நானும் சந்தோஷமாக வந்துவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். அதனால் எழுத உட்கார்ந்தேன். காலையில் ஆரம்பித்தது, மத்தியானச் சங்கு ஊதும்போது முடிந்தது. மூன்று காகிதம் கிழித்தேன். இதற்கு முன் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. எழுதியது இதுதான்:

ஐயா. புதன்கிழமை நான் போட்ட கோடு சின்னது. கயிறு நனைந்து சுருங்கியிருந்தது. திங்கட்கிழமை ஓடியவர்கள் பெரிய சுற்று ஓடினார்கள். தவறு என்னுடையது. ஓடும்போது என் மகளுக்கு இது தெரியாது. வேம்புலி, கோடு போடுகிறவன்.

திருத்த ஆள் இல்லை. அப்படியே மடித்து வைத்தேன்.

29-11-76, திங்கள்

விடிந்ததும் தாயம்மா பெட்டியிலிருந்து நல்ல சட்டையை எடுத்துக் கட்டில்மேல் போட்டாள். அவளும் நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. “போறதுதான் போறே, நல்ல சொக்கா போட்டுகினு போ” என்றாள். அவ்வளவுதான்.

பரந்தாமன் சார் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

“நீயே எழுதினியாய்யா?”

“ஆமா சார்.”

“யாரும் சொல்லிக் குடுக்கல?”

“இல்ல சார்.”

கடிதத்தை மடித்து மேஜையில் வைத்தார். “உன் பொண்ணுக்கு வேலை பூடும் வேம்புலி” என்றார்.

“இன்னொரு தபா ஓடட்டும் சார். ரெண்டு பேரும். காஞ்ச கயித்துல.”

வியாழக்கிழமை என்று சொன்னார்.

1-12-76, புதன்

மூன்று நாளும் நல்ல வெயில். கயிறு காய்கிறது. தரையும் காய்கிறது. வரலட்சுமி காலையும் மாலையும் ஓடுகிறாள். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் பக்கம் பார்த்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

2-12-76, வியாழன்

விடியற்காலை கோடு போட்டேன். பரந்தாமன் சார் இரும்பு டேப்பைக் கொண்டுவந்து அளந்தார். சரியாக இருந்தது. வசந்தா முதல் ரயிலில் வந்தாள். என்னைப் பார்த்து “தாத்தா” என்றாள். பிறகு வரலட்சுமியைப் பார்த்தாள். இவள் என் மகள் என்று புரிந்துகொண்டாள் போலிருக்கிறது, தலை குனிந்தாள்.

இந்தத் தடவை சேர்ந்தே ஓடட்டும் என்றார் சார்.

கண்ணை மூடவில்லை நான். ஏரிமேல் தூரத்தில் மழை வரும்போது இரண்டு திரை பக்கத்தில் பக்கத்தில் நகர்ந்து வருமே, அப்படி வந்தார்கள். தரை கெட்டியாக இருந்தது. காலடிச் சத்தம் யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. முதல் வளைவில் என் மகள். எதிர்ப்பக்கத்தில் இருவரும் ஒன்று. கடைசி வளைவில், நான் போட்ட வெள்ளைக் கோட்டை ஒட்டி, அந்த ஒல்லிப் பெண் ஒரு கை முன்னால் வந்தாள். அந்த ஒரு கையை அவள் விடவே இல்லை.

வசந்தா அறுபத்தைந்து புள்ளி நாலு.

வரலட்சுமி அறுபத்தைந்தரை.

அதே அறுபத்தைந்தரை! சின்ன வட்டத்தில் சேற்றில் ஓடி வந்த அதே எண், இன்று பெரிய வட்டத்தில் வந்திருக்கிறது. அது இப்போது அவளுடையது. யாரும் கரைக்க முடியாது. எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் என் மகள் புல்லில் குப்புறப் படுத்து அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் வசந்தாவும் உட்கார்ந்து அழுதாள். அப்பன் சந்தோஷப்படுகிற இடம் அது இல்லை. சுண்ணாம்புக் கூடையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.

திரும்பி வரும்போது அவள் எனக்கு முன்னால் நடந்தாள். ஒரு வார்த்தை மட்டும் சொன்னாள்: “உன் மேல இருந்த கோவத்துலதான் நைனா அப்படி ஓடினேன்.”

4-12-76, சனி

பலகையில் த. வசந்தா என்று போட்டிருக்கிறது. அந்தத் த யார் என்று விசாரித்தேன். தங்கவேலாம். செங்கல் சூளையில் வேலையாம். அவருக்குப் படிக்கத் தெரியுமோ தெரியாதோ.

12-12-76, ஞாயிறு

வசந்தா வேலையில் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. இன்று லீவு. காலையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெரம்பூரில் ரயில்வேக்கு ஓட்டக்காரப் பெண்களை எடுக்கிறார்களாம், தை மாதத்தில். அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றாள். பிறகு இரண்டு பேரும் ஏரிக்கரையில் ஓடப் போனார்கள். தாயம்மா இரண்டு பேருக்கும் கூழ் கரைத்து வைத்தாள்.

திரும்பி வந்ததும் வரலட்சுமி என் பக்கத்தில் உட்கார்ந்து இந்த நோட்டை இழுத்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். எங்கேயும் திருத்தவில்லை.

“பெரம்பூர்ல யாரு நைனா கோடு போடறது?”

“யாருன்னு தெரியலியே.”

“மழை பெய்யாம இருந்தா சரி” என்றாள். வசந்தா கூழை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

சாயங்காலம் தூறல் போட்டது. கொட்டகை ஈரம் ஆகாதென்று நான் வீட்டுக்குக் கொண்டு வந்திருந்த கோடு போடும் கயிறு வாசலில் இருக்கிறதே என்று எழுந்து ஓடினேன். இல்லை. தாயம்மாவைக் கேட்டேன். “நான் தொடவே இல்ல” என்றாள். உள்ளே வந்து தேடினேன். அடுப்புக்கு மேலே, விறகு காயவைக்கிற பரணில், யாரோ அதைப் பதமாகச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

தொட்டுப் பார்த்தேன். காய்ந்து, இளஞ்சூடாக இருந்தது.