உன் பக்கத்துப் படுக்கை

தூரின், 9 ஜனவரி 1986

அன்புள்ள செவெரினோ,

மூன்று வருஷமாக ஒரு கிறிஸ்துமஸ் அட்டைகூடப் போடாதவள் எழுதுகிறாளே என்று முகத்தைச் சுளிக்காதே. எனக்கு ஒரு முழு ஆங்கில நாவல் மொழிபெயர்க்கக் கிடைத்திருக்கிறது! முதல்முறையாக என் பெயரும் அச்சாகும்.

ஆனால் ஒரு சொல் என் உயிரை வாங்குகிறது. 'கோஸி' என்று நாவலில் மூச்சுக்கு மூச்சு சொல்கிறார்கள். வெளியே மழை கொட்ட, உள்ளே கணப்பருகில் ஒண்டி உட்காரும் சுகம் அது. நாற்பத்திரண்டு இடத்தில் வருகிறது. நம் இத்தாலியனில் பொருந்துவதாக ஒன்றும் அகப்படவில்லை. 'சூடு' என்று போட்டேன். பதிப்பாசிரியர் பெர்த்தினி அம்மா, "ஏம்மா, இது குளிர்கால வீடா, ஆகஸ்ட் மாசக் கடற்கரையா?" என்றார். 'வெதுவெதுப்பு' என்று மாற்றினால், "ஆறிப்போன சூப்பா?" என்கிறார். மாதக் கடைசிக்குள் சரிசெய்யாவிட்டால் நாவல் வேறொருவருக்குப் போய்விடும்.

இதை உன்னிடம் ஏன் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஓர்னெல்லா

*

மலைவீடு, 14 ஜனவரி

ஓர்னெல்லா,

எனக்கு ஆங்கிலமும் தெரியாது, நாவலும் தெரியாது. ஆடு தெரியும். சொல்லை விடு. அது வருகிற இடத்தில் அந்த ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்.

பனி ஜன்னல்வரை ஏறிவிட்டது. உன் சிவப்புக் கோழி போன மாதம் செத்துப்போனது. சொல்ல மனசு வரவில்லை.

செவெரினோ

*

தூரின், 18 ஜனவரி

அன்புள்ள செவெரினோ,

என் கோழி! கொஞ்சம் அழுதேன். பிறகு நீ சொன்னபடி பார்த்தேன்.

சண்டை போட்டுப் போன கணவன் மழையில் நனைந்து திரும்புகிறான். மனைவி வெந்நீர்ப் பையை அவன் பக்கத்துப் போர்வைக்குள் வைக்கிறாள். இதைத் தட்டச்சு செய்கையில் நம் படுக்கை நினைவுக்கு வந்தது.

பதினோரு குளிர்காலம், போர்வை தணலில் படாமல் தாங்கும் அந்த மரக்கூட்டைப் படுக்கைக்குள் நிறுத்தி, அதனுள் தணல் சட்டியை வைத்து, என் பக்கத்தைச் சூடாக்கினாயே! உன்னை விட்டுக் கிளம்பிய அன்று நான் என்ன கத்தினேன்? "ஒரு நாளாவது அன்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கியாடா?" நீ கையில் சட்டியோடு நின்றுகொண்டிருந்தாய். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஓர்னெல்லா

*

தூரின், 29 ஜனவரி

என் செவெரினோ,

ஏற்றுக்கொண்டார்கள்! நாற்பத்திரண்டு இடத்துக்கும் ஒரே சொல்லைத் தேடுவதை விட்டுவிட்டேன். ஓரிடத்தில், "நாற்காலிய இன்னும் கிட்டப் போட்டுக்கோ." இன்னோரிடத்தில், "கதவச் சாத்திட்டு வா, சூப் இருக்கு." அந்த மனைவி வாயில், "உன் பக்கம் சூடா இருக்கு, வந்து படு."

பெர்த்தினி அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "இத எங்கேர்ந்து பிடிச்சே?"

"எங்க வீட்லேர்ந்து" என்றேன். வீடு என்று தானாக வாயில் வந்துவிட்டது.

தட்டச்சு இயந்திரத்தை எந்த மேஜையிலும் வைக்கலாம். எட்டாம் தேதி, சனிக்கிழமை நாலு மணி பஸ்ஸில் வரட்டுமா? வேண்டாமென்றால் எழுதிவிடு, கோபிக்க மாட்டேன்.

உன் ஓர்னெல்லா

*

மலைவீடு, 3 பிப்ரவரி

ஓர்னெல்லா,

வா. கம்பளிக் காலுறை கொண்டுவா, எனக்கும் சேர்த்து. மூன்று குளிர்காலமாக அந்தத் தணல் கூட்டைப் பழக்கதோஷத்தில் படுக்கையில் உன் பக்கத்தில்தான் வைக்கிறேன். என் பக்கம் ஐஸாகக் கிடக்கிறது.

செவெரினோ