பத்து கூட்டிச் சொல்லும் பெட்டி

என்னை விட்டுவிட்டுத் தனியாகப் பஸ் ஏறிப்போன மாமாவுக்கு,

"கலசப்பாக்கம் போய்ட்டு வர்றேன். அண்டா பக்கம் போவாத" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டீர்கள். மலை இறங்குவதற்குள் பஸ்ஸிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்களாம். இப்போது வீட்டில் நானும் உங்கள் கரண்டு அண்டாவும்தான். அந்தப் பக்கம் போகாமல் நான் வேறு எங்கே போவேன்?

நீங்கள் போனபோது ஒரு மூட்டை முளைகட்டிய கேழ்வரகு இருந்தது. நீங்களே ஊறவைத்து, ஈரத்துணியில் முளைக்கவிட்டு, காயவைத்து உடைத்தது. அதை அண்டாத் தண்ணீரில் கரைத்து, சரியான சூட்டில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் சர்க்கரை போடாமலே இனிக்கும். வடிகட்டிச் சுண்டவைத்தால் பாகு. வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களின் முதல் வேலையும் இதுதான் என்று செல்போனில் பார்த்துத்தானே கற்றுக்கொண்டீர்கள். "இன்னா அண்ணே, வூட்லயே கடை தொறந்துட்டியா?" என்று தெருவே கேட்டது. "நாங்க இனிப்போட நிறுத்திக்கிறோம்பா" என்று சிரிப்பீர்கள்.

சூடு குறைந்தால் இனிக்காது. மீறினால் முளையின் சக்தி செத்து, வெறும் கூழாகிவிடும். அதற்காகத்தான் அந்தப் பெட்டி. அண்டாவுக்குள் தொங்கும் சென்சார் சூட்டைச் சொல்ல, பெட்டி தானே கரண்டை விடும், தானே நிறுத்தும். அதில் நீங்கள் வைத்திருந்த எண் எழுபத்தைந்து.

காரியமெல்லாம் முடிந்து பார்த்தால், சென்சார் ஒயரை எலி கடித்துக் குதறியிருந்தது. என் தம்பி ஏழுமலை வேலூர் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்து மாட்டிக் கொடுத்தான். எழுபத்தைந்தில் மட்டும் நான் கை வைக்கவில்லை. உங்கள் விரல் அழுத்தி வைத்த எண் அது. அதை மாற்ற எனக்கு எப்படி மனசு வரும்?

முதல் தடவை கூழ். மறுபடியும் கூழ். பேருக்குக்கூட இனிப்பு இல்லை. மழை ஈரம் பட்டுவிட்டதா, மலைக் கரண்டு சரியில்லையா, உங்களுக்கே என் மேல் ஏதாவது கோபமா என்றெல்லாம் நினைத்தேன். அழுதுகொண்டே மாட்டுக்கு ஊற்றினேன். நீங்கள் தொட்டு முளைக்க வைத்ததில் கடைசி மூட்டை அது. தினமும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே ஏறக்குறைய தீர்த்துவிட்டேன்.

ஜமுனாமரத்தூர் சந்தைக்கு வந்த ஏழுமலை போன வாரம் வீட்டுக்கும் வந்தான். வாசலில் நின்று எதிர்வீட்டுக்காரரிடம் அளந்துகொண்டிருந்தான். "அந்த சென்சாருக்காக எத்தினி கடை ஏறி எறங்கினேன் தெரியுமா? பதினோரு கடை!"

"பத்தைக் கழிச்சிக்கோ" என்று வழக்கம்போல நீங்கள் உள்ளேயிருந்து குரல் கொடுப்பீர்கள் என்று என்னை அறியாமல் காத்திருந்தேன். குரல் வரவில்லை. ஆனால் நீங்கள் எப்போதோ சொன்ன இன்னொன்று ஞாபகத்துக்கு வந்தது. பெட்டியைத் தட்டி, "இதுவும் உன் தம்பி மாதிரிதான். எதையும் பத்து கூட்டித்தான் சொல்லும்" என்றீர்கள். "என் தம்பியை இன்னாத்துக்கு இழுக்கிறீங்க?" என்று முறைத்துவிட்டு எழுந்து போனேன்.

அதைக் கேலி என்று நினைத்தேன் மாமா. கேலிதான், ஆனால் அதற்குள் ஒரு கணக்கும் இருந்திருக்கிறது. பழைய சென்சார் பத்து டிகிரி கூட்டிச் சொல்லும். அதனால்தான் அறுபத்தைந்து வேண்டிய இடத்தில் எழுபத்தைந்து வைத்தீர்கள். ஏழுமலை வாங்கியது நல்ல சென்சார். என் தம்பி கொண்டுவந்த ஒன்று முதன்முறையாக உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறது, அதனாலேயே எல்லாம் கெட்டது. என்னிடம் நேராகச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

அதற்குள் மூட்டையில் மிஞ்சியது நாலு பிடி. அண்டாவில் போட்டால் ஹீட்டர்கூட முங்காது. அண்டாவில் வெறும் தண்ணீர் நிரப்பி, அதற்குள் ஒரு சின்னத் தூக்குவாளியை நிறுத்தி, அதில் கரைத்தேன். பெட்டியில் எண்ணை ஒவ்வொன்றாகக் குறைத்தேன். நீங்கள் வைத்த எண் என் கையாலேயே அழிந்தது.

ஒரு டம்ளர் தேறியது. பாதி குடித்தேன். இனித்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அழுத வாய்க்கு என்ன தெரியும்? மீதியை ஏழுமலையிடம் நீட்டினேன். குடித்துவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அப்படியே மாமா செஞ்ச மாதிரியே இருக்குதுக்கா" என்றான்.

பத்தைக் கழித்துப் பார்த்தேன். எதுவும் மிஞ்சவில்லை.

புதுக் கேழ்வரகு வாங்கி நானே முளைகட்டலாம் என்கிறார்கள். கட்டலாம். யாருக்காக?

ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன். உங்கள் கேழ்வரகு எதனால் வீணானது என்று ஏழுமலைக்குச் சொல்லவே மாட்டேன். உங்களுக்காக அவன் ஒரு கடையாவது ஏறி இறங்கியிருக்கிறான்.

உங்கள் பேச்சில் பாதியைக் கேலி என்றே தள்ளிவிட்ட
உங்கள் பொண்டாட்டி,
செல்வி