நிழலுக்கு வைத்த வெடி

மே 23, 1962

இன்று ஸனத்தின், அந்தப் பழைய கல்லறைக் கோபுரத்தின், உச்சிவரை ஏறினேன். மேலடுக்குத் தூண்களுக்கு நடுவே முளைத்த முட்செடியை வேரோடு பிடுங்கிப் போட்டேன். விட்டுவைத்தால் கல்லையே பிளந்துவிடும். எட்டு ஆள் உயரம். ரோமானியர் காலத்துப் பணக்காரன் எவனோ தன் எலும்புக்கு இதைக் கட்டிக்கொண்டான். உள்ளே போக வழியில்லை. வாசல் மாதிரி செதுக்கியிருப்பதும் பொய் வாசல். சுற்றிலும் அவன் ஊரே இடிந்து கிடக்க, இது மட்டும் நிற்கிறது. காவலுக்கு நான். முதுகு தேய்க்க வந்த ஆடுகளைக் கல்லெறிந்து விரட்டினேன்.

மே 27

காலம் தப்பிய மழை. ஓடை நிறைந்து வந்தது. குறுக்கே நிற்கும் பழங்காலக் கற்சுவர்தான் எங்கள் பார்லி வயலுக்கும் மிஃப்தாஹ் வயலுக்கும் தண்ணீரைப் பங்கு போடுகிறது. இந்தத் தடவை எங்கள் பங்கு கொஞ்சம் தாராளம். அதைப் பற்றி எழுத வேண்டாம்.

மே 29

ஃபரஜைக் கொன்றுவிட்டான்.

மே 30

தம்பி ஃபரஜை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

சுவரில் நாலு கல் இடம் மாறியிருந்ததை மிஃப்தாஹ் பார்த்துவிட்டான். மண்வெட்டியோடு நேரே எங்கள் வயலுக்கு வந்தான். அங்கே நின்றவன் ஃபரஜ். நான் கூப்பிடு தூரத்தில் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன்.

"கல்லை நகத்துனியாடா?"

"நான் எதுக்குடா நகத்தணும்? பைத்தியமா உனக்கு?"

"உன் வயல் தெப்பமா நிக்குது, என் வயல் நாக்கு வறண்டு கிடக்குது! பொய் வேற சொல்றியா?"

முதல் வெட்டு கழுத்தும் தோளும் சேரும் இடத்தில். இரண்டாவது முகத்தில். நான் போய்ச் சேர்ந்தபோது வாய் இருந்த இடத்தில் வாய் இல்லை. துடைக்கத் துடைக்க ரத்தக் குமிழி வந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தான். என்ன சொல்ல வந்தான்? தெரியாது. தெரியவே வேண்டாம்.

மிஃப்தாஹ் ஓடியது எங்கே? ஸனத்துக்கு. நான் காவல் காக்கிற ஸனத்துக்கு!

பாட்டன் முப்பாட்டன் காலத்துச் சட்டம் இது: ஸனத்தின் நிழலுக்குள் நிற்பவனை எவனும் தொடக்கூடாது. இரவில் நிழல் ஏது? அப்போது உடம்பில் ஓரிடமாவது கல்லைத் தொட்டிருக்க வேண்டும். ரொட்டியை வீட்டார் கொண்டுவரலாம். தண்ணீரை அவனேதான் போய் மொண்டு குடிக்க வேண்டும். இப்படி நாற்பது நாள் தாங்கிவிட்டால் பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்து பழியைத் தீர்த்துவைப்பார்கள். பிறகு அவன்மேல் விரல் வைக்க முடியாது.

நாற்பது நாளுக்குள் நிழலைவிட்டு ஒரு முழம் வெளியே வந்தால் அவன் என்னுடையவன். இன்று முதல் நாள்.

ஜூன் 4

தண்ணீர்த் தொட்டி கிழக்கே, சரிவுக்குக் கீழே, அறுபது தப்படி தூரம். சாயங்காலம் நிழல் நீண்டு நீண்டு அதன் வாயைத் தொடும். உடனே சூரியன் மேற்கு மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம்தான். அதற்குள் அவன் ஓடிவந்து, நாய் மாதிரி குடித்துவிட்டு, ஓடிப்போய்க் கல்லைத் தொடுகிறான். இரவில் தலைப்பாகைத் துணியால் மணிக்கட்டைக் கல்லோடு கட்டிக்கொண்டு தூங்குகிறான். நான் துப்பாக்கியோடு தொட்டிக்குப் பக்கத்தில்.

தினம் பிற்பகலில் அவன் அண்ணன் பஷீர் ரொட்டி கொண்டுவருகிறான். ஊரில் யாரையும் கடிந்து பேசாத மனுஷன்.

"ஜீலானி, உனக்கும் ரெண்டு ரொட்டி வச்சிருக்கேன். கொல்ல வந்தவனுக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்குமில்ல?"

காறித் துப்பினேன். அவன் ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டுப் போனான். அவன் தலை மறைந்ததும் தின்றேன். தூ, என்ன பிழைப்பு இது.

ஜூன் 9

வீட்டு வாசலில் ஃபரஜின் சட்டையை உம்மா துவைக்காமல் தொங்கவிட்டிருக்கிறாள். கறுத்து, விறைத்து, ஈ மொய்த்துக்கிடக்கிறது.

"நீ கல்லுக்குக் காவலா, என் புள்ளையக் கொன்னவனுக்குக் காவலா?"

"முறைன்னு ஒண்ணு இருக்கும்மா."

"முறையாம் முறை! உன்னைப் பெத்த வயித்துல ஒரு அம்மியப் பெத்திருந்தா மசாலாவாவது அரைச்சிருப்பேன்."

எனக்குத் தேநீர் ஊற்ற மாட்டேன் என்று கெட்டிலைக் கவிழ்த்து வைத்தாள்.

ஜூன் 13

உச்சி வெயில். நிழல் வடக்குப் பக்கம் ஒரு பாய் அகலத்துக்குச் சுருங்கியிருந்தது. அவன் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்தான். இடது கால் நீண்டது. பாதத்தில் பாதி வெயிலில்.

சுட்டேன்.

இரண்டு விரல் போனது. அவன் போட்ட அலறலில் புறாக்கள் எல்லாம் எழும்பின. காலை உள்ளே இழுத்துக்கொண்டு மண்ணை அள்ளி அள்ளி அப்பினான். ஊர்ப் பெரியவர் ஹாஜி மஸ்ஊத் வந்து ரத்தம் விழுந்த இடத்தைக் கைத்தடியால் அளந்து பார்த்தார். "கால் வெயில்ல இருந்திருக்கு. சுட்டது செல்லும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் சிரித்தேன். அப்புறம் பாறைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

ஜூன் 14

பஷீர் இன்றும் இரண்டு ரொட்டி வைத்தான்.

ஜூன் 18

தூக்கமில்லை. எழுதித் தொலைக்கிறேன்.

அந்தக் கற்களை நகர்த்தியது நான். நாலே நாலு கல். மழை வரும் என்று ஆடு மேய்த்தவன் சொன்னான், போய் நகர்த்தினேன். பார்லி இன்னும் நாலு மூட்டை கூட வரட்டுமே என்று. ஃபரஜுக்குத் தெரியாது. "நான் எதுக்குடா நகத்தணும்" என்றானே, அவன் சொன்னது சத்தியம். நான் கூப்பிடு தூரத்தில் நின்றேனே! "நான்தான்டா" என்று ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா? நாக்கு எழும்பவில்லை.

மிஃப்தாஹ் நாற்பது நாள் தாங்கினால் சபை கூடும். யார் நகர்த்தியது என்று கேள்வி வரும். உம்மாவும் அங்கே உட்கார்ந்திருப்பாள்.

அவன் சாகணும். அதற்கு முன்னால் சாகணும்.

ஜூன் 24

இருபத்தாறாம் நாள். விந்தி விந்தியாவது தொட்டிக்கு வந்து குடித்துவிடுகிறான். சாக மாட்டேன் என்கிறான்.

நிழல் வருவதால் குடிக்கிறான். உயரம் இருப்பதால் நிழல் வருகிறது. மேலடுக்கு இல்லாவிட்டால் மூன்று ஆள் உயரம்தான். அந்த நிழல் பாதிச் சரிவிலேயே நின்றுவிடும். சூரியனோ மலைக்குப் பின்னால் போய்விடும். தாகம் ஒருவனை எத்தனை நாள் உட்காரவைக்கும்? இரண்டு? மூன்று?

நிழலில் இருப்பவனை அடிக்கக்கூடாது என்றுதான் சட்டம். நிழலை அடிக்கக்கூடாது என்று எவன் சொன்னான்?

ஜூன் 26

பெரியப்பா மகன் அயாத் எண்ணெய் தேடுகிறவர்களின் முகாமில் வெடி சுமக்கிறான். ஆறு குச்சியும் திரியும் திருடிக் கொடுத்தான்.

"பாறை உடைக்கத்தானே?"

"பாறைதான்."

"உன் மூஞ்சியப் பாத்தா பாறை மாதிரி தெரியலியேடா."

பதினாறு வருஷம் இந்தக் கல்லில் ஒரு கீறல் விழாமல் பார்த்துக்கொண்டவன் நான்.

ஜூன் 28

ஏறினேன். காவல்காரன் ஏறினால் யார் கேட்கப் போகிறார்கள்? தூணடிப் பிளவுகளில் குச்சிகளைச் செருகினேன். எல்லாம் கிழக்குப் பக்கம் சாயும்படி. கீழே அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"என்னடா ஜீலானி, என் தலைக்கு மேல என்ன புடுங்குற?"

"முள்ளு."

"நல்லாப் புடுங்கு. ஸனம் விழுந்துட்டா நான் எங்க போவேன்?"

சிரிக்க வேறு செய்தான். உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. நாளை உச்சி நேரம். அப்போது அவன் வடக்குப் பக்கம் ஒண்டியிருப்பான். கிழக்கே ஒரு ஈ காக்கை இருக்காது.

ஜூன் 29

பஷீர். பஷீர். பஷீர்.

ஜூன் 30

ஸனத்தின் அடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆம், நான்.

நேற்று வெள்ளிக்கிழமை. ஒரு மாதமாகத் தேதி எழுதுகிறேன், கிழமை தெரியாமல் போயிற்று. வெள்ளி என்றால் ஜும்ஆ தொழுகைக்கு முன்பே ரொட்டி கொடுத்துவிட்டுப் போவான் பஷீர். நான் திரியைப் பற்றவைத்துவிட்டுத் தெற்கே பள்ளத்தில் படுத்தேன். அவன் கிழக்குச் சரிவில் ஏறி வந்துகொண்டிருந்தான். கையில் துணி மூட்டை. பார்த்தேன். "ஓடு பஷீர்! ஓடு!" என்று கத்தினேன். இந்தத் தடவை நாக்கு எழும்பியது. அவன் நின்று, கையை நெற்றியில் வைத்து, யார் கூப்பிடுவது என்று பார்த்தான்.

தூண்களும் உச்சிக் கூம்பும் அப்படியே பெயர்ந்து சரிவில் உருண்டன. ஒரு தூண் அவன்மேல் ஏறிப் போனது. இடுப்புக்கு மேலே எதுவும் மனுஷனாக இல்லை. ரொட்டி மட்டும் முழுசாகக் கிடந்தது. நாலு ரொட்டி. இரண்டு எனக்கு.

வெடிச் சத்தம் கேட்டுப் பஷீரின் மகன் தாஹிர் ஓடிவந்தான். இருபத்தைந்து வயது, போன மாதம்தான் கல்யாணம். தகப்பனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். துப்பாக்கி எடுக்க வீட்டுக்குத் திரும்பி ஓடினான். என் கால்கள் என்னைக் கேட்காமலேயே ஓடின. எங்கே? ஊரில் வேறு எங்கே இருக்கிறது?

மிஃப்தாஹ் காதில் ரத்தம் வழிய நின்றுகொண்டிருந்தான். இங்கே அவனும் என்னைத் தொட முடியாது. நானும் அவனைத் தொட முடியாது.

ஜூலை 1

ஹாஜி மஸ்ஊத் தீர்ப்புச் சொன்னார். "கல்லு எங்க கிடந்தாலும் ஸனம்தான். அதோட நிழலும் நிழல்தான்."

விழுந்த தூண்கள் தொட்டிவரை வரிசையாகக் கிடக்கின்றன. முன்பெல்லாம் ஒரு சிகரெட் நேரம். இன்று அவன் கல்லுக்குக் கல் தாவி, மலையில் சூரியன் மறையும்வரை ஆற அமரக் குடித்தான். அவன் குடித்தபிறகு நானும் குடித்தேன். தூணில் இன்னும் பஷீரின் ரத்தம் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

உம்மா எனக்கு ரொட்டி கொண்டுவரவில்லை.

ஜூலை 3

இது நடந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

உச்சி வெயில். உயரம் போனதால் நிழலும் போயிற்று. வடக்குச் சுவரோரம் ஒரு முழம் அகலம், அவ்வளவுதான். இரண்டு பேரும் முதுகைக் கல்லில் ஒட்டிக்கொண்டு தோளோடு தோளாக நின்றோம். எதிரே முப்பது தப்படியில் தாஹிர், துப்பாக்கியைத் தோளில் பதித்து ஒரு கண்ணை மூடியபடி. நான் ஓரத்தில். மிஃப்தாஹ் ஒரு இடி இடித்தால் போதும். அது அடியாகக்கூடக் கணக்கில் வராது.

எப்படியும் சாகப் போகிறேன், சொல்லிவிட்டுச் சாவோம் என்று தோன்றியது.

"அந்தக் கல்லை நகத்துனது நான்."

"என்ன? அந்தக் காது செத்துப்போச்சு. இந்தப் பக்கம் சொல்லு."

ஒரு தடவை சொல்லவே ஒரு மாதம் ஆனது. கத்திச் சொன்னேன். "கல்லை நகத்துனது ஃபரஜ் இல்ல. நான்! நான்தான்!" தாஹிருக்கும் கேட்டிருக்கும்.

மிஃப்தாஹ் தலையை என் பக்கம் திருப்பினான். மூச்சு மட்டும் புஸ் புஸ்ஸென்று வந்தது. பிறகு என் சட்டைக் கழுத்தைக் கொத்தாகப் பிடித்தான். சரி, முடிந்தது என்று கண்ணை மூடினேன். ஃபரஜின் முகம்தான் வந்தது, வாய் இருந்த முகம்.

அவன் இழுத்தான். தன் பக்கமாக, நெஞ்சோடு நெஞ்சு இடிக்கிறமாதிரி.

"கால் வெயில்ல இருக்குடா, நாயே. உள்ள வை."

குனிந்து பார்த்தேன். என் பெருவிரல் வெளியே இருந்தது. உள்ளே வைத்தேன். இரண்டு விரல் போன அவனுடைய பாதத்துக்குப் பக்கத்தில்.

தாஹிர் கத்தினான். "சித்தப்பா, அவனை விடு! எங்க வாப்பாவக் கொன்னவன்!"

"தெரியும்டா. எங்க அண்ணனைத்தான் கொன்னான்." அவன் குரல் உடைந்தது. அழுதான். என் சட்டையை மட்டும் விடவில்லை. "நீ சுட்டா இவன் வீட்டு ஆளுங்க உன்னைத் தேடி வருவாங்க. நீயும் இங்கதான் ஓடி வரணும். பாருடா, எவ்வளவு நிழல் இருக்குன்னு நீயே பாரு. மூணாவது ஆளுக்கு இங்க எங்கடா இடம்?"

தாஹிர் துப்பாக்கியை இறக்கவில்லை. சுடவும் இல்லை. நிழல் திரும்பிக் கொஞ்சம் அகலமாகும்வரை அப்படியே நின்றோம்.